மை காயுமுன்

2024 ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை. காலைத் திருப்பலியை முடித்த கையோடு வாக்குச்சாவடிக்குச் சென்றோம். நம் பங்கின் தொடக்கப்பள்ளியே வாக்குச்சாவடி. ஏழு மணிக்கே வரிசை வேப்பமரத்தைத் தாண்டி நின்றது. “சாமி, நீங்க முன்னால போங்க” என்று சிலர் வழிவிட்டனர். பீடத்தில் முதலில் நிற்பவன் இங்கேனும் கடைசியில் நிற்கட்டும் என்று சொல்லி மறுத்துவிட்டோம். அரைமணி நேரத்துக்குப் பின் வெளியே வந்தபோது இடக்கைச் சுட்டுவிரலில் மை இன்னும் ஈரமாகவே இருந்தது. வாசலில் நம் உபதேசியார் நின்றிருந்தார். எழுபதைக் கடந்தவர். நமக்கு முன் ஆறு பங்குத்தந்தையரைப் பார்த்தவர்.

“சாமி, யாருக்குன்னு நான் கேக்கமாட்டேன். ஆனா இந்தத் தடவையாவது ஏதாவது ஒரு பக்கம் நின்னு போட்டீங்களா?”

சிரித்துவிட்டு நடந்தோம். ஆனால் அக்கேள்வி நம்மோடு பங்குமனை வரை வந்தது. இன்றுவரை போகவில்லை.

குருக்கள் அரசியல் கட்சிகளில் முனைந்து பங்கேற்றலாகாது என்று 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு 287-ஆம் எண்ணில் கூறுகிறது. ஆனால் அச்சட்டம் எண்ணத்துக்குப் பூட்டுப் போடவில்லை. அட்டைத் தடுப்புக்குப் பின்னே குனிந்து பொத்தானை அழுத்தும்போது நாமும் ஒரு குடிமகன்தான். எனவே எந்தக் கட்சிக்கும் வாக்குக் கேளாமல், எந்தச் சின்னத்தின் பெயரையும் சொல்லாமல், இந்நாட்டு அரசியலையும் பொருளியலையும் பற்றி நாம் எண்ணுவதை வாசக அன்பர்களிடம் மனம்விட்டுப் பேசலாம் என்றே இதை எழுதுகிறோம்.

நாம் நடுநிலைக்காரன் என்று பெயர் பெற்றவன். இது பாராட்டு அன்று. பங்குப் பேரவையில் ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர் உண்டு. ‘நம்ம சாமி சிவப்புச் சட்டைக்காரர்’ என்பது அவர் தீர்ப்பு. இளையோர் இயக்கத்துப் பொறுப்பாளருக்கோ நாம் முதலாளிகளின் கையாள். இருவரும் ஒரே மறையுரையைக் கேட்டுவிட்டுத்தான் இப்படிச் சொல்கிறார்கள்! திருக்குறளில் நடுவு நிலைமைக்கென ஓர் அதிகாரமே இருக்கிறது. எனினும் நம் நாட்டு அரசியலில் நடுவில் நிற்பவனுக்குப் பெருமை இருந்ததில்லை. 1907-இல் சூரத்தில் காங்கிரஸ் பிளந்தபோது கோகலேயின் அணிக்கு ‘மிதவாதிகள்’ என்று பெயர். நம் வ.உ.சி.யும் பாரதியும் மறுபக்கம் திலகரோடு நின்றார்கள். பள்ளியில் அப்பாடம் நடத்தப்பட்டபோது மிதவாதி என்ற சொல்லுக்கே வகுப்பில் ஒரு சிரிப்பு எழுந்தது நினைவிருக்கிறது. நாமும் சேர்ந்து சிரித்தோம்.

நம் நடுநிலை நூல்களிலிருந்து வந்ததன்று. ஒரு சிமெண்டு மூட்டையிலிருந்து வந்தது.

1979-ஆம் ஆண்டில் நமக்குப் பத்து வயது. தொடக்கப்பள்ளி ஆசிரியரான நம் தந்தையார் வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை கட்ட எண்ணினார். அந்நாளில் சிமெண்டு கடையில் கேட்டு வாங்கும் பொருளன்று. வட்டாட்சியர் அலுவலகத்தில் பர்மிட் வாங்க வேண்டும். பதினைந்து மூட்டைக்கு விண்ணப்பம் எழுதினார். ஐந்து முறை சென்றார், நான்கு முறை நம்மையும் சைக்கிளில் வைத்து அழைத்துச் சென்றார். மாணவர்கள் எழுந்து வணக்கம் சொல்லும் மனிதர், அங்கே ஓர் எழுத்தரின் மேசை முன் கைகட்டி நின்றதை நாம் பார்த்தோம். ஐந்தாம் முறை அவர் சட்டைப்பையிலிருந்து ஏதோ எடுத்துத் தாள்களுக்கிடையே வைத்ததையும் பார்த்தோம். திரும்பும் வழியில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வந்து சேர்ந்த மூட்டைகளில் மூன்று, கல்லாக இறுகிப் போயிருந்தன. 1982-இல் சிமெண்டு மீதான கட்டுப்பாடு பாதியும் 1989-இல் முழுவதும் நீங்கியது. இன்று தெருமுனைக் கடையில் எவரும் எவரையும் வணங்காமல் வாங்கிச் செல்கிறார்கள். பொருளியலில் கட்டற்ற சந்தையைப் பழிப்பவர்களைக் கேட்கும்போதெல்லாம் நம் தந்தையாரின் கட்டிய கைகள் நினைவுக்கு வந்துவிடுகின்றன.

ஆனால் அவரே காமராசரின் தீவிரத் தொண்டர். ‘பர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம்’ என்று இராஜாஜி கடிந்ததையும், 1959-இல் சுதந்திராக் கட்சி தொடங்கியதையும் யாரேனும் புகழ்ந்தால் எழுந்து போய்விடுவார். ஏனெனில் அவர் பள்ளியில் பிள்ளைகள் வந்து உட்கார்ந்ததே காமராசரின் மதிய உணவினால்தான். சிமெண்டுக்குக் கைகட்ட வைத்த அரசும் பிள்ளைகளுக்குச் சோறிட்ட அரசும் ஒன்றே. அவர் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லுவார். அதில் முரண் இருப்பதாக அவருக்குத் தோன்றியதே இல்லை. நமக்கும் தோன்றவில்லை.

வாக்குரிமை வயது 21-லிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டது 1989-இல். அவ்வாண்டே முதல் வாக்கை அளித்த இருபது வயதினருள் நாமும் ஒருவன். ஈராண்டில் நாடு தடுமாறியது. 1991 மே 21-இல் திருப்பெரும்புதூரில் இராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அந்நியச் செலாவணிக் கையிருப்பு சில வார இறக்குமதிக்கே போதுமானதாய்ச் சுருங்கியது. ஏறத்தாழ 47 டன் தங்கம் இங்கிலாந்து வங்கியிலும் ஜப்பான் வங்கியிலும் அடகு போயிற்று. பொருளியல் படியாத நம் தாயாருக்கும் அது உடனே புரிந்தது. “நகைய வச்சாச்சுன்னா வீட்ல ஏதோ பெரிய சங்கடம்” என்றார். ஜூலை 24-இல் மன்மோகன் சிங் நிதிநிலை அறிக்கையைப் படித்தபோது நாம் குருமடத்தில் இருந்தோம். இரவுச் செய்தியை வானொலியில் கேட்டோம். அவ்வாண்டு மே மாதத்தில்தான் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், ‘ரேரும் நோவாரும்’ மடலின் நூற்றாண்டையொட்டி ‘சென்தேசிமுஸ் ஆனுஸ்’ என்னும் மடலை வெளியிட்டிருந்தார். வளங்களைப் பயன்படுத்தச் சந்தை பயன்மிகு கருவிதான், ஆயினும் சந்தையில் விலைபோகாத மனிதத் தேவைகள் உண்டு, அவற்றை நிறைவேற்றாமல் விடுவது நீதியன்று என்பது அதன் கருத்துகளுள் ஒன்று. சமூகப் போதனைப் பேராசிரியர் இரண்டையும் அருகருகே வைத்து விவாதிக்கச் சொன்னார். வகுப்பில் பாதிப்பேர் நாடு விற்கப்பட்டது என்றனர். நாம் எழுந்து சிமெண்டுக் கதையைச் சொன்னோம். ‘தம்பிக்கு ஒரு மூட்டை சிமெண்டுதான் பொருளாதாரம்’ என்று அவர்கள் சிரித்தனர். இப்போது எண்ணினால், அவர்கள் சொன்னதும் பாதி சரி.

மீதிப் பாதியைக் கற்பித்தது இந்தக் கரிசல் மண். கோவில்பட்டியைச் சுற்றிய ஊர்களில் பெண்களுக்குத் தீப்பெட்டியே சோறு. குச்சி அடுக்குவதும் பெட்டி ஒட்டுவதும் நம் பங்கில் பல வீட்டு வாசல்களில் நடக்கும் வேலை. இயந்திரத்தில் செய்தால் நூறு பேர் வேலையைச் சிலர் முடித்துவிடலாம். சந்தை விதிப்படி கைத்தொழில் என்றோ செத்திருக்க வேண்டும். வரிச் சலுகைதான் அதைத் தூக்கி நிறுத்தியது. 2017 ஜூலை 1-இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது கையால் செய்த தீப்பெட்டிக்கு 5 விழுக்காடும் இயந்திரத்தில் செய்ததற்கு 18 விழுக்காடும் விதித்தார்கள். 2020 ஏப்ரலில் இரண்டுக்கும் 12 என்று ஒன்றாக்கினார்கள். நாடு முழுவதற்கும் ஒரே வரி என்பது நல்ல எண்ணமே. சோதனைச் சாவடிகளில் லாரிகள் நாட்கணக்கில் கிடந்த காலத்தை நாம் அறிவோம். ஆயினும் தில்லியில் ஓர் எண்ணைத் திருத்தும்போது இங்கே ஒரு வாசலில் குச்சி அடுக்கும் கை நின்றுபோகலாம் என்பதை யாராவது அக்கூட்டத்தில் சொன்னார்களா என்று நாம் எண்ணியதுண்டு. ஒரு ரூபாய்த் தீப்பெட்டி பதினான்கு ஆண்டுகள் ஒரு ரூபாயாகவே இருந்து, 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாயானது. இந்நாட்டில் வேறெந்தப் பொருள் அப்படிப் பொறுத்திருந்தது?

பின்னர் அயல்நாட்டு நெகிழி லைட்டர் வந்தது. பத்து ரூபாய்க்கு வாங்கினால் இருபது தீப்பெட்டி வேலையைச் செய்யும் என்றார்கள். 2023 ஜூனில் இருபது ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதியை ஒன்றிய அரசு தடுத்தது. உதிரிப் பாகங்கள் மீதான தடை 2024-இல் வந்தது. நம் மக்கள் பட்டாசு வெடித்தார்கள். நாமும் மகிழ்ந்தோம். அன்றிரவு படுக்கையில்தான் சிமெண்டு நினைவு வந்தது. தடை என்பதும் ஒருவகைப் பர்மிட்தானே? மலிவான லைட்டரை வாங்க நினைக்கும் ஏழைத் தேநீர்க் கடைக்காரனிடமிருந்து ஒன்றைப் பறித்துத்தான் நம் பெண்களுக்குக் கொடுத்தார்கள். இன்னொன்றையும் மறைக்கலாகாது. இத்தொழிலை நாம் காத்த காலத்தில் அதற்குள் பிள்ளைகளின் உழைப்பையும் சேர்த்தே காத்தோம். தீப்பெட்டித் தொழிலில் சிறுவரை அமர்த்தக்கூடாது என்று 1986-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்ன பின்னும், விடியுமுன் பேருந்தேறிய சிறுமிகளைப் பார்த்தவர்கள் நம் பங்கில் இன்று பாட்டிகளாய் இருக்கிறார்கள். அவர்களுள் ஒருத்தியின் பேத்தி இப்போது திருப்பெரும்புதூர்ப் பக்கம் அலைபேசி பூட்டும் ஆலையில் வேலை செய்கிறாள். மாதம் தவறாமல் வீட்டுக்குப் பணம் வருகிறது. 1991-இல் கதவு திறக்கப்படாதிருந்தால் அந்த ஆலை இல்லை. ஆனால் அதே பகுதியில் 2006-இல் திறந்த வேறோர் அலைபேசி ஆலை 2014-இல் மூடப்பட்டு ஆயிரக்கணக்கானோர் தெருவுக்கு வந்ததும் நடந்ததுதான். பாட்டிக்குப் பேத்தியின் வேலையில் பெருமை. பெட்டி ஒட்டும் பசைச் சட்டியை மட்டும் அவர் இன்னும் தூக்கி எறியவில்லை. “இருக்கட்டும் சாமி” என்கிறார்.

இவ்வளவு சமநோக்கோடு பேசுகிற நாம், ஒருமுறை தராசைக் கைநழுவ விட்டோம். அதைச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிப்பது நேர்மையன்று.

2016 நவம்பர் 8, செவ்வாய் இரவு ஐந்நூறு, ஆயிரம் ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று தலைமை அமைச்சர் அறிவித்தார். 13-ஆம் நாள் ஞாயிறு மறையுரையில் நாம் அதைப் பாராட்டினோம். கறுப்புப் பணம் ஒழியும், நேர்மையாளர் அஞ்ச வேண்டியதில்லை, சில நாள் துன்பத்தைப் பொறுப்போம் என்றோம். கட்சி பற்றிப் பேசவில்லை. ஆனால் பேசியது அரசியல்தான். மனத்துக்குள் ஒரு மகிழ்ச்சியும் இருந்தது: தந்தையாரிடம் தாள்களுக்கிடையே வாங்கியவர்களின் அலமாரிகள் இனித் திறக்கும் என்று. பழைய வஞ்சம் பொருளியல் கொள்கையாய் வேடமிட்டு வந்ததை நாம் அடையாளம் காணவில்லை. திருப்பண்ட அறையில் உபதேசியார் ஒன்றும் சொல்லாமல் விளக்கை அணைத்தார்.

அடுத்த வாரமே தீப்பெட்டிக் கூடங்களில் கூலி கொடுக்கச் சில்லறைத் தாள் இல்லை. வங்கி வாசலில் நின்ற வரிசையில் செல்வரை நாம் காணவில்லை. 2017 சனவரியில் ஒரு மாலை, தனித்து வாழும் கைம்பெண் ஒருவர் பங்குமனைக்கு வந்தார். சுருக்குப்பையிலிருந்து ஆறு ஐந்நூறு ரூபாய்த் தாள்களை எடுத்து மேசைமேல் வைத்தார். தம் அடக்கச் செலவுக்கு, பெட்டிக்கும் குழிவெட்டுக்கும் என்று மாதா படத்துக்குப் பின்னால் வைத்திருந்த பணம். வங்கிகளில் செலுத்தும் நாள் டிசம்பர் 30-ஓடு முடிந்திருந்தது.

“பாட்டி, அறிவிப்பைக் கேட்கவில்லையா?”

“கேட்டேன் சாமி. வெளிய கெடக்குற நோட்டுத்தான் செல்லாதுன்னு நெனச்சேன். ஒளிச்சு வச்சது அவுகளுக்கு எப்படித் தெரியும்?”

நம் கைப்பணத்திலிருந்து மூவாயிரம் எடுத்து நீட்டினோம். வாங்க மறுத்தார். கோயில் காசில் தம்மைப் புதைக்கக்கூடாதாம். வேறு வழி தெரியாமல் ஒரு பொய் சொன்னோம்: “சாமியார்களுக்கு வங்கியில் இன்னும் மாற்றித் தருகிறார்கள்.” நம்பினார். முப்பது நூறு ரூபாய்த் தாள்களை இருமுறை எண்ணி வாங்கிக்கொண்டு போனார். ஆறு தாள்களும் நம் திருப்புகழ்மாலை நூலுக்குள் போயின. அவ்வாண்டே வந்த சட்டம் பத்துத் தாள்களுக்கு மேல் வைத்திருப்பதைத் தடை செய்தது. ஆறுதானே, நமக்கு அச்சமில்லை! 2018 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியின் ஆண்டறிக்கை வந்தது. செல்லாதவையாக்கப்பட்ட தாள்களில் 99.3 விழுக்காடு திரும்பி வந்துவிட்டதாம். அலமாரிகள் எப்படியோ வழி கண்டுகொண்டன. திரும்பாத மிச்சத்தில் மூவாயிரம் ரூபாய் நம்மிடம் இருக்கிறது.

அந்த மறையுரையைத் திரும்பப் பெறுவதாக நாம் பீடத்திலிருந்து ஒருநாளும் சொல்லவில்லை. அரசியல் பேசலாகாது என்னும் விதி அப்போது மிக வசதியாக நினைவுக்கு வந்தது.

அதன்பின் நாம் எந்தக் கொள்கையையும் இடமா வலமா என்று பார்ப்பதைவிட, எந்த வேகத்தில் வருகிறது, யாரைக் கேட்டு வருகிறது என்றே முதலில் பார்க்கிறோம். 2020-இன் வேளாண் சட்டங்களில் நமக்குத் தவறாகத் தோன்றாத கூறுகளும் இருந்தன. ஆனால் கொரோனாக் காலத்தில் அவசரச் சட்டமாய்ப் பிறந்து, மாநிலங்களவையில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறி, ஓராண்டுப் போராட்டத்துக்குப் பின் 2021 நவம்பரில் திரும்பப் பெறப்பட்டன. உழவனைக் கேட்டிருந்தால் பாதியாவது நிலைத்திருக்கும். 2005-இன் ஊரக வேலை உறுதிச் சட்டத்தால் களையெடுக்க ஆள் கிடைக்கவில்லை என்று நம் பங்கின் சம்சாரிகள் குறைப்பட்டார்கள். தம் பெயரில் வங்கிக் கணக்கை முதன்முதலாய்க் கண்ட பெண்களோ அதைக் கும்பிட்டார்கள். இருவர் சொன்னதும் உண்மை. 2025 டிசம்பரில் அதன் இடத்தில் வேறொரு சட்டம் நிறைவேறியது. நாட்கள் நூறிலிருந்து 125 ஆயின; ஆனால் பெரும்பாலான மாநிலங்கள் செலவில் 40 விழுக்காட்டை ஏற்க வேண்டும். கொடுக்கிற கை ஒன்றும் பெயர் வாங்குகிற கை ஒன்றுமாக இருந்தால் இடையில் கூலி நிற்குமே என்பது நம் கவலை. நாட்டில் ஏறத்தாழ 80 கோடி மக்களுக்கு அரசு விலையின்றித் தானியம் தருகிறது. அதே நாடு உலகின் முதல் ஐந்து பெரும் பொருளாதாரங்களுள் ஒன்று. இரண்டு செய்திகளையும் ஒரே நாளிதழின் ஒரே பக்கத்தில் படித்துவிட்டு, எதை நம்புவது என்று விழித்ததுண்டு. இரண்டும் மெய்யே என்பதுதான் நம்மைத் தூங்கவிடாதது.

கூட்டணி ஆட்சியை நிலையற்றது என்று பலர் வெறுக்கிறார்கள். 1999 ஏப்ரல் 17-இல் ஒரே வாக்கில், 269-க்கு எதிராக 270 என்று, வாஜ்பாயி அரசு கவிழ்ந்தபோது நாமும் சலித்துக்கொண்டோம். இன்று அப்படிச் சலிப்பதில்லை. அவையில் ஒருவரையேனும் கேட்டாக வேண்டிய அரசு, இரவு எட்டு மணிக்கு எதையும் அறிவிக்குமுன் ஒருமுறை இருமும். 2024 ஜூன் 4-இல் எண்ணிக்கை முடிந்து, எக்கட்சிக்கும் தனிப் பெரும்பான்மையான 272 இல்லை, முதல் கட்சிக்கு 240 என்று தெரிந்தபோது, வென்றவர் தோற்றவர் என்ற கணக்குக்கு அப்பால் நமக்கு ஓர் ஆறுதல் இருந்தது.

இவற்றையெல்லாம் அந்த வாக்குப்பதிவு நாளன்று மாலை உபதேசியாரிடம் தேநீர் அருந்தியபடி சொன்னோம். இன்னும் நடவாத ஜூன் மாதத்தையும் பின்னால் வந்த சட்டத்தையும் தவிர. பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

“சாமி, நடுவுல நிக்கிறது தப்பில்ல. ஆனா ரெண்டு பக்கமும் அடிபடாதவன் நிக்கிற எடம் அது. எங்களுக்கு ஏதாவது ஒரு பக்கம் சாஞ்சாத்தான் பொழப்பு.”

மறுமொழி வரவில்லை. நமக்குத் தங்க மனையுண்டு, உண்ண உணவுண்டு, எந்த அரசு கவிழ்ந்தாலும் மறுநாள் திருப்பலி உண்டு. ‘சிமெண்டு’ என்று தொடங்கினோம். அவர் அக்கதையைப் பலமுறை கேட்டவர், தலையசைத்துவிட்டார். நம் நடுநிலை, அடிபட்டு அறிந்ததா அடிபடாத வசதியா என்று இன்றும் நம்மால் தீர்த்துச் சொல்ல இயலவில்லை. பத்து வயதில் ஒன்று, ஐம்பதில் மற்றொன்று என்று இருக்கலாம்.

சற்று நேரங்கழித்து, “அந்தக் கிழவியோட நோட்டு இன்னும் வச்சிருக்கீங்களா?” என்று கேட்டார். அவருக்குத் தெரியும் என்பதே நமக்கு அப்போதுதான் தெரிந்தது. அம்மூதாட்டி 2022-இல் இறந்தார். அவர் தகரப்பெட்டியில் முப்பது நூறு ரூபாய்த் தாள்களும் தொடப்படாமல் இருந்தன. பெட்டிக்கும் குழிக்கும் அதிலிருந்தே கொடுத்தார்கள். எண்ணிக் கொடுத்தவரும் உபதேசியார்தாம்.

நூலைத் திறந்து தாள்களைக் காட்டினோம். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நம் விரல் மையையும் ஒருமுறை பார்த்தார். தாளை இருந்த பக்கத்திலேயே வைத்து நூலை மூடினார்.

“நாளைக்குக் கிளைக் கிராமத்துப் பூச அஞ்சரைக்கா, ஆறுக்கா சாமி?”

ஆறுக்கு என்றோம்.